முறைகேட்டுச் சந்தேகம் எழுந்தால் பல்கலைக்கழகம் மாணவரை எப்படி விசாரிக்க வேண்டும்?

திருச்சி ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். நான் முதுகலை மாணவர்களுக்கு ஆங்கில இலக்கியம் கற்பிக்கிறேன். எனக்கு நன்கு தெரிந்த கல்லூரி ஒன்றில் அண்மையில் நடந்த ஒன்றை முன்வைத்து இந்த இழையைத் தொடங்குகிறேன். ஒரு மாணவி கொடுத்த அசைன்மென்டை மென்பொருளில் ஏற்றியபோது, அதில் எண்பது விழுக்காட்டுக்கு மேல் செயற்கை நுண்ணறிவு எழுதியது என்று அறிக்கை வந்தது. அந்த அறிக்கையின் முதல் பக்கத்தை மட்டும் அச்செடுத்துக் கோப்பில் வைத்து, அகமதிப்பீட்டில் சுழியம் போட்டு, பெற்றோரை அழைத்து வரச் சொல்லிவிட்டார்கள். மாணவியிடம் யாரும் ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. மறுநாள் அவர் ஒரு கோடு போட்ட நோட்டைக் கொண்டு வந்து மேசையில் வைத்தார். கட்டுரையின் முதல் வடிவம் அதில் பென்சிலில் இருந்தது. பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலும் எழுதி, அடித்து, ஓரத்தில் அம்புக்குறி இட்டுப் பத்திகளை இடம் மாற்றியிருந்தார். அறிக்கை வந்துவிட்ட பிறகு வேறு எதையும் பார்ப்பதற்கில்லை என்று சொல்லி, அந்த நோட்டைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த அறிக்கைகளை நம்பித் தண்டிப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை என்பது என் உறுதியான கருத்து. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனம், தானே வெளியிட்ட கண்டறியும் கருவியை, துல்லியம் போதவில்லை என்று அறிவித்து 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. அதே ஆண்டு ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இத்தகைய ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபெல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாமே எழுதிய 91 கட்டுரைகளில், சராசரியாக 61 விழுக்காட்டை அந்தக் கருவிகள் இயந்திரம் எழுதியவை என்று தவறாகக் குறித்தன. அடுத்து எந்தச் சொல் வரும் என்று எளிதில் ஊகிக்க முடிகிற நடையை இயந்திர நடை என்று அவை கணிக்கின்றன. அளவான சொற்களைக் கொண்டு, பிழை நேராதபடி பார்த்துப் பார்த்து எழுதுகிற நம் பிள்ளைகளின் ஆங்கிலம் அந்தக் கணிப்பில் எளிதாகச் சிக்கிக்கொள்கிறது. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகம் 2023 ஆகஸ்டில் டர்னிட்டின் என்ற ஒப்புமை சரிபார்ப்பு மென்பொருளின் கண்டறியும் வசதியை நிறுத்தியபோது சொன்ன கணக்கும் கவனிக்கத்தக்கது. 2022இல் அங்கே 75,000 தாள்கள் அந்த மென்பொருளில் ஏற்றப்பட்டிருந்தன. நிறுவனம் ஒப்புக்கொள்கிற ஒரு விழுக்காட்டுத் தவறு மட்டுமே நேர்ந்தாலும், ஏறத்தாழ 750 தாள்கள் மீது பொய்ப்பழி விழுந்திருக்கும்.

விழுக்காடு ஒரு விசாரணையைத் தொடங்குவதற்குக் காரணமாகலாம். அதையே தீர்ப்பாகக் கொள்ள முடியாது. அப்படியானால், சந்தேகம் எழுந்த பின்பு முடிவு வரும் வரை என்னென்ன நடக்க வேண்டும், யார் யார் அதில் இருக்க வேண்டும் என்பதைப் பணி அனுபவம் உள்ளவர்கள் எழுத வேண்டுகிறேன்.

தேர்வுப் பிரிவு (ஓய்வு):

அம்மா, நான் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் நெடுங்காலம் பணிபுரிந்தவன். தேர்வறை முறைகேட்டுக்கு நம்மிடம் வழக்கத்தில் ஊறிய ஒரு நடைமுறை உண்டு. மைக்ரோ ஜெராக்ஸ் எனப்படும், எழுத்தைச் சிறிதாக்கி நகலெடுத்த துண்டு சிக்கினால், அறைக் கண்காணிப்பாளர் விடைத்தாளையும் அந்தத் துண்டையும் கைப்பற்றி முதன்மைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைப்பார். மாணவரிடம் எழுத்து வாக்குமூலம் பெற்று, அறைக் கண்காணிப்பாளரின் அறிக்கையையும் சேர்த்து உறையிட்டு முத்திரை வைத்துப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்புவார்கள். தேர்வு முடிவு நிறுத்தி வைக்கப்படும். பிறகு குழு கூடி, மாணவரை அழைத்து விசாரிக்கும்.

இதில் மிகவும் பலவீனமான இடம் அந்த வாக்குமூலம் என்று நான் சொல்வேன். பறக்கும் படை வந்து நிற்கும்போது, கை நடுங்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளையிடம், ‘எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த ஒரு பேப்பரோடு போய்விடும், இல்லையென்றால் எல்லா அரியரும் கேன்சல்’ என்று சொன்னால் எதை வேண்டுமானாலும் எழுதிக் கொடுப்பான். பல கல்லூரிகளிலிருந்து வந்த வாக்குமூலங்களை அடுத்தடுத்து வைத்துப் படித்தால், ஒரே மையத்திலிருந்து வந்தவை எல்லாம் சொல் மாறாமல் ஒன்று போலவே இருக்கும். யாரோ வாசகத்தைச் சொல்ல, மாணவர்கள் எழுதியிருக்கிறார்கள் என்பது அதிலிருந்தே தெரிந்துவிடும். ஆகவே நேர்மையான குழு அந்தக் காகிதத்தை ஓரமாக வைத்துவிட்டு வேறு இரண்டைப் பார்க்கும். கைப்பற்றிய துண்டில் இருப்பது அன்றைய வினாத்தாளோடு தொடர்புடையதா? அதில் உள்ளது விடைத்தாளில் இறங்கியிருக்கிறதா? பாட ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்து எழுதிக் கொடுக்கும் அரைப் பக்கக் குறிப்பு, பத்து வாக்குமூலங்களைவிட மதிப்புடையது.

காலதாமதத்தையும் சொல்லியாக வேண்டும். முடிவு நிறுத்தி வைக்கப்பட்ட இறுதியாண்டு மாணவருக்குக் கேம்பஸ் இன்டர்வியூவில் கிடைத்த வேலையும் உயர்படிப்புச் சேர்க்கையும் கைநழுவுகின்றன. ஆறு மாதம் கழித்து ‘குற்றம் நிரூபிக்கப்படவில்லை’ என்று ஆணை வந்தாலும், அந்த ஆறு மாதத்தை யாரும் திருப்பித் தருவதில்லை.

மதுரை வழக்கறிஞர்:

இந்தப் பொருளில் உச்ச நீதிமன்றம் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே தெளிவாகப் பேசியிருக்கிறது. உத்தரப் பிரதேச உயர்நிலை மற்றும் இடைநிலைக் கல்வி வாரியத்துக்கும் கன்ஷியாம் தாஸ் குப்தாவுக்கும் இடையிலான வழக்கில் 1962இல் வந்த தீர்ப்பு இன்றும் அடித்தளமாக நிற்கிறது. 1954ஆம் ஆண்டுத் தேர்வில் முறைகேடு செய்ததாக மாணவர்களின் முடிவுகளை வாரியம் ரத்து செய்தது. ஆனால் முடிவெடுப்பதற்கு முன் அவர்களிடம் விளக்கம் கேட்கவில்லை. ஒரு மாணவரின் எதிர்காலத்தைப் பாதிக்கும் முடிவை எடுக்கிற தேர்வுக் குழு நீதிமன்றத்துக்குரிய பொறுப்போடு நடக்கக் கடமைப்பட்டது, ஆகவே அவரது தரப்பைக் கேட்டே ஆக வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. ஆசிரியை குறிப்பிட்ட கல்லூரி அந்த மாணவியை அழைத்துப் பேசாமலே சுழியம் போட்டது இந்த ஒரு தீர்ப்பின் முன்பே நிற்காது.

மறுபக்கத்தையும் சொல்கிறேன். எல்லா நேரத்திலும் தனித்தனி விசாரணை வேண்டும் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. பீகாரில் ஒரு தேர்வு மையம் முழுவதிலும் பெருமளவில் காப்பியடித்தது விடைத்தாள்களிலிருந்தே தெரிந்தபோது, அந்த மையத்தின் தேர்வை மொத்தமாக ரத்து செய்யத் தனித்தனி நோட்டீசு தேவையில்லை என்று 1970இல் கூறியது; அங்கே தனி ஒருவர் மீது குற்றம் சாட்டப்படவில்லை, தேர்வே செல்லாது என்றுதான் ஆணை. ஒரே மாதிரியான தவறான விடைகள் அருகருகே எழுதிய இருவரின் தாள்களில் இருந்தால், அந்தச் சூழ்நிலைச் சான்றை வைத்தே குழு முடிவுக்கு வரலாம் என்பதையும் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. 1991இல் மகாராஷ்டிர வாரியத் தேர்வில் மதிப்பெண்களை முறைகேடாகத் திருத்தியது பற்றிய வழக்கில், குற்றவியல் வழக்குக்கு வேண்டிய ‘ஐயத்துக்கு இடமின்றி’ என்ற அளவு இங்கே தேவையில்லை, ‘நடந்திருக்கவே வாய்ப்பு மிகுதி’ என்ற அளவு போதும் என்றது. அந்த அளவை எட்டவும் சான்று வேண்டும். வெறும் ஐயத்தால் அதை எட்ட முடியாது.

2024இல் வந்த பொதுத் தேர்வுகள் முறைகேடு தடுப்புச் சட்டத்தைச் சிலர் இங்கே இழுக்கக்கூடும். அது மத்தியத் தேர்வாணையங்களும் தேசியத் தேர்வு முகமையும் நடத்துகிற தேர்வுகளுக்கானது. பல்கலைக்கழகப் பருவத் தேர்வுக்கு அது பொருந்தாது.

சர்வர் அறை:

வணக்கம். நான் கல்வி நிறுவனம் ஒன்றில் கணினி நிர்வாகப் பணியில் இருப்பவன் என்பதால், ‘கணினிப் பதிவே சொல்கிறது’ என்ற வாதத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் உள்ள டார்ட்மவுத் கல்லூரியின் கைசல் மருத்துவப் பள்ளியில் 2021இல் நடந்ததை, விசாரணைக் குழுவில் உட்காரும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர்கள் வீட்டிலிருந்து தேர்வு எழுதினார்கள். தேர்வெழுதும் கணினியில் வேறு எதையும் திறக்க முடியாதபடி ஒரு மென்பொருள் பூட்டியிருந்தது. பாடக் குறிப்புகளோ கேன்வாஸ் என்ற வேறு தளத்தில் இருந்தன. நிர்வாகம் பின்னோக்கிச் சென்று கேன்வாஸின் பதிவுகளை எடுத்து, தேர்வு நேரத்தில் யாருடைய கணக்கிலிருந்து பாடப் பக்கங்கள் திறக்கப்பட்டன என்று பார்த்து, 17 மாணவர்கள் மீது குற்றம் சாட்டியது. பதிலளிக்க இரண்டு நாளுக்கும் குறைவான நேரமே கிடைத்தது என்றும், இணையவழி விசாரணையில் தம் தரப்பைச் சொல்ல இரண்டு நிமிடம் வரைதான் தரப்பட்டது என்றும் மாணவர்கள் கூறினார்கள். ஒப்புக்கொண்டால் தண்டனை குறையும் என்ற எண்ணத்தில் ஒப்புக்கொண்டவர்களும் அவர்களில் இருந்தார்கள். தேர்வுப் பிரிவு ஐயா வாக்குமூலம் பற்றிச் சொன்னது எனக்கு இதையே நினைவூட்டியது.

சர்வரில் விழும் ஒரு பதிவு வரியில் என்ன இருக்கும்? நேரம் இருக்கும், கணக்கின் பெயர் இருக்கும், எந்தப் பக்கம் கேட்கப்பட்டது என்பது இருக்கும். கேட்டது மனிதரா, பக்கத்து அறையில் சார்ஜில் கிடக்கும் கைப்பேசியா என்பது அதில் தெளிவாக இருக்காது. நேற்று இரவு படித்துவிட்டு மூடாமல் விட்ட பக்கம், யாரும் தொடாமலே தன்னைப் புதுப்பித்துக்கொள்ள சர்வரை அழைத்துக்கொண்டே இருக்கும். கேன்வாஸும் அவ்வாறே தானாகப் பதிவுகளை உண்டாக்குகிறது என்பதை நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் ஆராய்ந்து வெளியிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்களில் எழுவர் மீதான வழக்குகள் முன்னரே கைவிடப்பட்டிருந்தன. எஞ்சியவர்கள் மீதான அனைத்தையும் 2021 ஜூனில் கைவிடுவதாக அறிவித்து, அந்தப் பள்ளியின் தலைவர் மன்னிப்புக் கேட்டார்.

ஆகவே பதிவை எடுத்துக் கொடுப்பவரும் அதற்குப் பொருள் சொல்பவரும் குற்றம் சாட்டுபவரும் ஒருவராக இருக்கக் கூடாது. பதிவின் முழு நகலை மாணவரிடம் கொடுத்து, அவர் விரும்புகிற தொழில்நுட்பம் அறிந்த ஒருவரிடம் காட்டி வருவதற்குப் போதிய நாள் தர வேண்டும்.

பொறியியல் விரிவுரையாளர்:

மேலே எழுதியவர்கள் அனைவரும் பொய்ப்பழிக்கு ஆளாகும் மாணவரை மட்டுமே பார்ப்பதாகத் தோன்றுகிறது. நான் இறுதியாண்டு புராஜெக்ட் பார்ப்பவன். ஊருக்கு ஊர் இருக்கிற புராஜெக்ட் சென்டர்களில் தலைப்பு, நிரல், அறிக்கை, பிபிடி எல்லாம் சேர்த்து ஒரே விலைக்கு விற்கிறார்கள். ஒரே படத்தையும் ஒரே எழுத்துப் பிழையையும் மூன்று ஆண்டுகளாக மூன்று குழுக்களின் அறிக்கைகளில் பார்த்துவிட்டேன். புகார் எழுதினால் நான்தான் மூன்று கூட்டங்களுக்குப் போக வேண்டும், தேர்ச்சி விகிதம் குறைகிறதே என்று நிர்வாகத்தின் முகச்சுளிப்பையும் தாங்க வேண்டும். இரவு முழுக்கக் கண்விழித்துத் தானே செய்த மாணவன், வாங்கி வந்தவனுக்கும் அதே மதிப்பெண் கிடைப்பதைப் பார்த்து மனம் உடைகிறான். அவனுக்காகவும் யாராவது பேச வேண்டும். இங்கிலாந்து 2022இல் இத்தகைய விற்பனையையே சட்டத்தால் குற்றமாக்கியது. ஆஸ்திரேலியா 2020இலேயே செய்துவிட்டது. நாம் வாங்கும் பிள்ளையை மட்டும் பிடித்துக்கொண்டு, விற்பவரைக் கடைப் பலகையோடு விட்டுவைத்திருக்கிறோம்.

என்னிடம் இருக்கும் ஒரே வழி, மாணவனை உட்கார வைத்துக் கேட்பது. ‘இந்த வரியில் இந்த எண்ணை ஏன் 0.7 என்று வைத்தாய்? மாற்றினால் என்ன ஆகும்? இப்போது மாற்றிக் காட்டு.’ செய்தவன் தடுமாறினாலும் சொல்லிவிடுவான். வாங்கியவன் அந்த வரி எந்தக் கோப்பில் இருக்கிறது என்றே தேடுவான். இதற்குக் கால் மணி நேரம் போதும்.

ஆய்வு நெறியாளர், தமிழ்த்துறை:

விரிவுரையாளர் ஐயாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அவர் சொல்லும் கால் மணி நேரத்தையே முறைப்படுத்த வேண்டும் என்பது என் எண்ணமும் கூட. அதற்கு முன், நாட்டளவில் உள்ள விதி எதைத் தொடுகிறது, எதை விட்டுவிடுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கருத்துத் திருட்டுத் தடுப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது. ஒப்புமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை என்றால், ஆறு மாதத்துக்கு மிகாத காலத்துக்குள் ஆய்வேட்டைத் திருத்தித் தர வேண்டும். 40க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. துறை அளவில் ஒரு குழுவும் நிறுவன அளவில் ஒரு குழுவும் இருக்க வேண்டும். ஒவ்வொன்றும் 45 நாளுக்குள் தன் அறிக்கையைத் தர வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவரின் தரப்பைக் கேட்டு நடுநிலையாக முடிவெடுக்கும் இயற்கை நீதிக் கோட்பாட்டின்படி நடக்க வேண்டும். துறைக் குழுவில் வேறு துறையின் மூத்த ஆசிரியர் ஒருவரும், நிறுவனக் குழுவில் வெளியிலிருந்து ஒருவரும் இடம்பெற வேண்டும். இவை எல்லாம் நல்ல ஏற்பாடுகளே. ஆனால் அதே ஒழுங்குமுறை, அசைன்மென்ட், பருவக் கட்டுரை, புராஜெக்ட் அறிக்கை, விடைத்தாள் ஆகியவற்றைத் தன் வரையறையிலிருந்தே விலக்கிவிட்டது. இழையைத் தொடங்கிய ஆசிரியை சொல்லும் மாணவிக்கு அந்த இரண்டு குழுக்களின் பாதுகாப்பும் இல்லை. அந்தந்தக் கல்லூரி வகுத்துக்கொண்டதுதான் விதி, பல இடங்களில் அப்படி எழுதி வைத்த விதியே கிடையாது.

ஆய்வேடுகளிலும் எண் நம்மை ஏமாற்றுகிறது. சங்க இலக்கிய ஆய்வேட்டில் அகவலை எடுத்துக்காட்டாமல் எழுத முடியாது. மேற்கோளுக்கு விலக்கு உண்டு என்று விதி சொன்னாலும், பாட்டைத் தனி வரிகளாக அமைத்து மேற்கோள் குறி இடாமல் விட்டால் மென்பொருள் அதையும் ஒப்புமைக் கணக்கில் சேர்த்துவிடக்கூடும். தொடர்ச்சியாகப் பதினான்கு சொற்கள் வரை ஒத்திருந்தால் விட்டுவிடலாம் என்கிறது விதி. ஏழு சீர் கொண்ட குறள் அதற்குள் அடங்கிவிடும், பதினைந்து சீர் கொண்ட வெண்பா அடங்காது. இன்னொரு புறம், யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேட்டிலிருந்து பக்கம் பக்கமாக எடுத்து எழுதியிருந்தாலும், மென்பொருளுக்கு அது வேறு எழுத்துக் கோவையாகவே தெரிவதால் ஒப்புமை சுழியத்தை ஒட்டியே வரும். சங்கப் பாடலை ஒழுங்காக எடுத்துக்காட்டிய மாணவி 30 விழுக்காட்டோடு நிற்க, முழு இயலையும் எடுத்து ஒட்டியவர் 3 விழுக்காட்டோடு சான்றிதழ் பெற்றுப் போக இடமிருக்கிறது. அறிக்கையின் முதல் பக்கத்தோடு நிற்காமல், நிறமிட்ட ஒவ்வொரு பத்தியையும் நெறியாளர் வாசித்தால்தான் இது புலப்படும்.

இங்கிலாந்து மாணவர்:

நான் தஞ்சையிலிருந்து வந்து இங்கே முதுநிலை படிக்கிறேன். இங்குள்ள முறையில் எனக்குப் பிடித்தது, குற்றம் சாட்டிய ஆசிரியர் முடிவெடுக்கும் குழுவில் உட்காருவதில்லை என்பது. சான்றுகளைக் கூட்டத்துக்கு முன்பே அனுப்பிவிடுவார்கள். மாணவர் சங்கத்தின் ஆலோசகர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லலாம். அவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்லர். பல்கலைக்கழகத்துக்குள் எல்லா மேல்முறையீடும் முடிந்த பிறகு, 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் பொதுவாக இயங்கும் தற்சார்புத் தீர்ப்பாளர் அலுவலகத்துக்குக் கட்டணமின்றிப் போகலாம். கட்டுரைக்கு எத்தனை மதிப்பெண் தகும் என்பது போன்ற கல்விசார் மதிப்பீட்டில் அவர்கள் தலையிட மாட்டார்கள். நடைமுறை நியாயமாக இருந்ததா என்று மட்டும் பார்ப்பார்கள்.

குறையும் உண்டு. என் வகுப்புத் தோழி ஒருத்தியின் விசாரணை மாதக்கணக்கில் இழுத்தது. படிப்பிலிருந்து நீக்கப்பட்டால் விசாவும் போய்விடும் என்பதால், வெளிநாட்டு மாணவர்கள் போராடாமல் சிறிய தண்டனையை ஏற்றுக்கொள்ளத் தயாராகிவிடுகிறார்கள். அவளைக் கடைசியில் காப்பாற்றியது அவளுடைய கோப்பின் திருத்த வரலாறு: எந்த நாளில் எந்தப் பத்தி வளர்ந்தது, எது அழிந்தது என்பது அதில் இருந்தது. தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது, கூகுள் டாக்ஸிலோ வேர்டிலோ ஒரே கோப்பில் எழுதுங்கள், வரலாற்றை அழிக்காதீர்கள், கைக்குறிப்புகளைத் தூக்கி எறியாதீர்கள்.

திருச்சி ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. இங்கிலாந்து மாணவர் சொன்ன திருத்த வரலாறும் அந்த மாணவியின் பென்சில் நோட்டும் ஒரே வகைச் சான்றுதான்; திறந்து பார்க்க ஒருவர் வேண்டும், அவ்வளவே. உங்கள் பதில்களைப் படித்த பிறகு எங்கள் துறைக் கூட்டத்தில் முன்வைக்க மூன்று கோரிக்கைகளை எழுதியிருக்கிறேன். புகார் செய்த ஆசிரியர் தவிர்ந்த இருவர், அவர்களில் ஒருவர் வேறு துறையினர், மாணவரோடு அமர்ந்து அந்தக் கட்டுரையைப் பற்றியே பேச வேண்டும். மென்பொருள் அறிக்கை முழுவதையும் ஒரு வாரம் முன்னதாக மாணவரிடம் தர வேண்டும். முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுத்தில் தர வேண்டும். பெற்றோரை அழைப்பது இவற்றில் எங்கும் இல்லை. இருபத்திரண்டு வயதுப் பெண்ணின் கட்டுரைக்கு அவளே பதில் சொல்வாள்.

வழக்கறிஞர் ஐயாவிடம் ஒரு கேள்வி. கல்லூரி அறிக்கையின் நகலைத் தர மறுத்தால் அந்த மாணவி என்ன செய்ய வேண்டும்?

மதுரை வழக்கறிஞர்:

முதலில் முதல்வருக்கும் பல்கலைக்கழகப் பதிவாளருக்கும், நகல் கேட்டும் தன் தரப்பைக் கேட்கக் கோரியும் ஒப்புகை கிடைக்கும்படி விரைவு அஞ்சலில் எழுதி அந்த ஒப்புகையைப் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ‘எங்களிடம் கேட்கவே இல்லையே’ என்று பின்னர் நிர்வாகம் சொல்ல முடியாதபடி அது காக்கும். அரசுக் கல்லூரியோ அரசு உதவி பெறும் கல்லூரியோ என்றால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் முதல் மேல்முறையீடு உண்டு. திருத்திய விடைத்தாளைப் பார்க்கவும் நகல் பெறவும் தேர்வருக்கு உரிமை உண்டு என்று 2011இல் சிபிஎஸ்இ தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. தன் கட்டுரையின் மீது எழுதப்பட்ட அறிக்கைக்கும் அதே வாதத்தை வைக்கலாம். சுயநிதிக் கல்லூரி என்றால், அதை இணைத்துள்ள பல்கலைக்கழகத்தின் வழியாகக் கேட்க வேண்டும். இதற்குப் பிறகும் விசாரணை இல்லையென்றால் உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை மனு போடலாம். ஹரியானாவின் ஜிண்டல் பல்கலைக்கழகத்தில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தியதாகத் தோல்வி வழங்கப்பட்ட சட்ட மாணவர் ஒருவர் 2024இல் பஞ்சாப் ஹரியானா உயர் நீதிமன்றத்தை நாடியபோது, வழக்கு நிலுவையில் இருக்கும்போதே பல்கலைக்கழகம் அவருக்குத் தேர்ச்சி அளித்துவிட்டது. அந்த நோட்டை மட்டும் யாரிடமும் மூலமாகக் கொடுத்துவிட வேண்டாம். ஒவ்வொரு பக்கத்தையும் ஸ்கேன் செய்து நகலைக் கொடுக்கட்டும். மூலம் அந்தப் பெண்ணிடமே இருக்கட்டும்.